படகுத்துறை யார் வீட்டு முற்றம்?



மொழி, பாடநூல், தேர்வு என்றே எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இன்று படகு வருகிறது. தமிழாசிரியனுக்கும் படகுக்கும் என்ன உறவு என்று சிலர் வியக்கக்கூடும். உறவு உண்டு. பள்ளி விடுமுறை நாள்களில் தூண்டிலும் சோற்றுப் பொட்டலமுமாய்க் கடலுக்குப் போகும் மலேசியத் தமிழர் பலருள் நானும் ஒருவன். எனக்கென்று சொந்தப் படகு கிடையாது. நண்பர் ஒருவரின் 17 அடி ஃபைபர் படகுதான் எங்கள் நால்வருக்கும் துணை. அந்தப் படகைக் கடலில் இறக்குவதற்காகச் சிலாங்கூர்க் கரையோரம் உள்ள ஒரு பொதுப் படகுத்துறைக்குப் பல ஆண்டுகளாய்ப் போய்வருகிறேன். அங்கே கண்ட காட்சிகள் என்னைப் பேசாதிருக்க விடவில்லை.

கடலில் பிடித்த மீனைப் பற்றி எழுத ஆள் ஏராளம். படகை இறக்கும் இடத்தில் விட்டுவந்த மானத்தைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். சிலருக்குச் சுடும். சுடட்டும்!

சாய்தளமும் அதன் கணக்கும்

படகை ஏற்றிவரும் டிரெய்லரைப் பின்னோக்கித் தண்ணீருக்குள் இறக்குவதற்காகச் சிமெண்டு போட்டுச் சரிவாகக் கட்டிய தளத்தை நம்மவர் 'ராம்ப்' என்பர். எழுத்தில் சாய்தளம் என்று சொல்லிக்கொள்வோம். நல்ல சாய்தளத்தின் சரிவு 100 மீட்டருக்கு 12 முதல் 15 மீட்டர் வரை இருக்கும். அதற்குக் குறைந்தால் வண்டியின் சக்கரமே முழுகினாலும் படகு மிதக்காது. கூடினால் ஏறும்போது வண்டி வழுக்கும். ஏற்ற மட்டத்துக்குக் கீழே பாசி படர்ந்திருக்கும். எங்கள் படகுத்துறையில் இருப்பது ஒரே ஒரு வழி. ஒரு வண்டி இறங்கினால் மற்றொரு வண்டி காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அமைப்பு.

இனிக் கணக்கைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துகொண்டு வருபவருக்குப் படகை இறக்க மூன்று நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் 20 படகுகள் வந்தால் 60 நிமிடத்தில் எல்லாரும் தண்ணீரில் இருப்பார்கள். ஆயத்தமில்லாமல் வந்து சாய்தளத்தின் மேலேயே நின்று ஆற அமர வேலை பார்ப்பவருக்கோ 15 நிமிடம் ஆகும். அதே 20 படகுகளும் அப்படி வந்தால் ஐந்து மணி நேரம்!

ஐந்து மணி நேரம் என்றால் என்ன பொருள் என்று கடலோரத்தில் வாழ்பவரைக் கேளுங்கள். மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இருமுறை ஏற்றம், இருமுறை வற்றம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சற்றேறக்குறைய ஆறு மணி நேரம். கிள்ளான் கரையோரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேலாக ஏறி இறங்கும். அதுவும் சீராக இறங்காது. முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு என்பது மாலுமிகள் கைக்கொள்ளும் பழைய கணக்கு. அதாவது மூன்று மணி நேரத்தில் பாதி நீர் போய்விடும். பிறகு சாய்தளத்தின் முனையில் சேறுதான் மிஞ்சும். பின்னால் நிற்பவன் இழப்பது பத்து நிமிடம் என்று முன்னால் நிற்பவன் நினைக்கிறான். உண்மையில் பின்னால் நிற்பவன் இழப்பது அன்றைய கடலையே!

பொழுதுபோக்காகப் போகும் என் போன்றோர்க்கு ஒரு நாள் தவறினால் வீட்டுக்குத் திரும்பித் தூங்கலாம். சிறு வலையும் 15 குதிரைத்திறன் எஞ்சினும் வைத்துக்கொண்டு கரையோரம் மீன் பிடித்துப் பிழைப்பவருக்கு அன்று அடுப்பு எரிய வேண்டும். இந்த இருவரும் ஒரே சாய்தளத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கட்டுரையின் சாரம் இதுதான். மற்றவை எல்லாம் இதன் விரிவு.

கண்ணால் காணும் அநாகரிகங்கள்

முதலாவது, சாய்தளத்தையே ஆயத்தக் களமாக்குவது. வரிசையில் அரைமணி நேரம் சும்மா நின்றிருப்பார்கள். கதை பேசுவார்கள், புகை பிடிப்பார்கள், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். முறை வந்து வண்டி தண்ணீரைத் தொட்ட பிறகுதான் படகைக் கட்டியிருக்கும் பட்டைகளை அவிழ்க்க நினைவு வரும். ஐஸ் பெட்டி, தூண்டில்கள், இரை, நங்கூரம், பெட்ரோல் தொட்டி என்று ஒவ்வொன்றாய் வண்டியிலிருந்து படகுக்கு இடம் மாறும். எல்லாம் முடிந்த பின் எஞ்சின் சாவி எங்கே என்ற தேடல் தொடங்கும்!

இரண்டாவது, இறக்கிய படகைச் சாய்தளத்தின் வாயிலேயே விட்டுவிட்டு வண்டியை நிறுத்தப் போவது. போனவர் கழிவறைக்கும் போய், தேநீரும் குடித்துத் திரும்புவார். முன்கயிற்றைப் பிடித்துப் படகைப் பத்தடி தள்ளி மிதவை மேடையில் கட்டிவைத்தால் அடுத்தவர் இறங்கலாம். அந்தப் பத்தடி நடக்க மனமில்லை.

மூன்றாவது, திரும்பி வரும்போது நடப்பது. படகு இன்னும் கழிமுகத்தைக் கூடத் தாண்டியிருக்காது. கரையில் இருக்கும் கூட்டாளி டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கி, இடம் பிடித்து வைத்திருப்பார். நம் ஊர்த் திருமண விருந்தில் நாற்காலியின்மேல் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பார்களே, அதே பழக்கம்! அதற்குள் கரையை அடைந்துவிட்ட மற்றப் படகுகள் நீரோட்டத்தில் அல்லாடிக்கொண்டிருக்கும்.

நான்காவது, எஞ்சினை முறுக்கிப் படகை டிரெய்லரின்மேல் ஏற்றுவது. வின்ச்சைச் சுற்றிப் படகை இழுத்தேற்ற இரண்டு நிமிடக் கைவேலை வேண்டும். அதற்குச் சோம்பி, எஞ்சினின் வேகத்தாலேயே படகை ஏற்றுவார்கள். அந்த விசிறி தள்ளும் நீர் சாய்தளத்தின் அடிமண்ணை அரித்துப் பள்ளமாக்குகிறது. அரித்த மண் சற்றுத் தொலைவில் மேடாகக் குவிகிறது. பிறகு வற்றக் காலத்தில் வரும் யாரோ ஒருவரின் டிரெய்லர்ச் சக்கரம் தளத்தின் முனையிலிருந்து நழுவி அந்தப் பள்ளத்தில் விழும், அச்சு வளையும். குற்றவாளி அப்போது வீட்டில் மீன்கறி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஐந்தாவது, வேகம். கரையை நெருங்கும்போது அலை எழாத அளவுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது படகோட்டியின் அரிச்சுவடி. மேடையில் கட்டியிருக்கும் படகுகள் மோதிக்கொள்ள, ஏறிக்கொண்டிருக்கும் முதியவர் தடுமாற, ஒருவர் வேகமாய் வந்து திரும்பிக் காட்டுகிறார். யாருக்குக் காட்டுகிறார்?

ஆறாவது, விளக்கு. விடியலுக்கு முன் இருட்டில் ஒருவர் தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தபடி டிரெய்லரைப் பின்னோக்கி இறக்குகிறார். கீழே நிற்கும் வண்டியின் முகப்பு விளக்குகள் அவர் கண்ணைக் குத்துகின்றன. அணைத்துவிட்டுச் சிறு விளக்கை மட்டும் எரியவிட ஒரு விரல் போதும். செய்வதில்லை.

ஏழாவது, விட்டுச்செல்பவை. மீன் குடல், இறால் தலை, நெகிழிப் பை, அறுந்த நைலான் கயிறு. குடலின்மேல் வழுக்கி விழுந்தால் இடுப்பு முறியும். நைலான் கயிறு விசிறித் தண்டில் சுற்றினால் அங்குள்ள அடைப்பு வளையம் கிழிந்து கியர்ப் பெட்டிக்குள் நீர் புகும். கடற்பறவைகளின் காலிலும் அதே கயிறுதான் சுற்றுகிறது.

எட்டாவது, படகே இல்லாதவர்களின் அட்டகாசம். டிரெய்லருக்கென நீளமாய்க் கோடு போட்ட இடங்களில் கார்களை நிறுத்திவிட்டுச் சுற்றுலா போவது, சாய்தளத்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவுவது, பாசி படிந்த சரிவில் சிறு பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுக் கைப்பேசியில் மூழ்குவது. பின்னோக்கி வரும் டிரெய்லரின் ஓட்டுநருக்குச் சரிவில் உட்கார்ந்திருக்கும் குழந்தை தெரியாது ஐயா! இதைப் பெற்றோருக்கு யார் சொல்வது?

"இது என்ன உங்க ஸ்கூலா, சார்?"

சில மாதங்களுக்கு முன் ஒரு காலைப்பொழுது. இரண்டு பெரிய எஞ்சின்கள் பூட்டிய படகு ஒன்று சாய்தளத்தின்மேல் நின்றது. ஏழெட்டுப் பேர். ஒரே நிறச் சட்டை. முதுகில் குழுவின் பெயர். படகின்மேல் ஏறி நின்று படமெடுப்பு நடந்துகொண்டிருந்தது. நம்மவர்கள்தாம். தமிழ்ப்பாட்டு உரக்க ஒலித்தது. அவர்களுக்குப் பின்னால் பழைய லாரியில் சிறு படகோடு ஒரு மலாய் மீனவர், எழுபதை நெருங்கியவர், காத்திருந்தார். இருபது நிமிடம் கடந்தது. நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நான் போய், "தம்பி, பெரியவர் காத்திருக்கிறார், படகை இறக்கிவிட்டு மேடையில் கட்டிக்கொண்டு படமெடுங்களேன்" என்றேன். ஒருவர் திரும்பினார். "இது பப்ளிக் இடம் சார். நாங்களும்தான் வரி கட்டுறோம். ரூல்ஸ் பேச இது என்ன உங்க ஸ்கூலா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பெரியவர் என்னைப் பார்த்து, "தா அப்பா, சிக்கு" என்றார். பரவாயில்லை, வாத்தியாரே என்று பொருள். ஓர் இனத்தைச் சேர்ந்த இளைஞர் கூட்டம் செய்த முறையின்மையை மற்றோர் இனத்தைச் சேர்ந்த முதியவர் பொறுத்துக்கொண்டு, அந்த இனத்து ஆசிரியனுக்கே ஆறுதலும் சொல்கிறார்! வெட்கத்தில் நான் தலைகுனிந்தேன்.

அந்தத் தம்பியின் கேள்விக்கு அன்று விடை சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

பொது என்ற சொல்லுக்கு 'எல்லார்க்கும் உரியது' என்று பொருள். 'யார்க்கும் உரியதன்று, ஆகவே என் விருப்பம்போல்' என்று பொருளில்லை. என் வீட்டு முற்றத்தில் நான் பாய் விரித்து நாள் முழுதும் படுத்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை. பொதுவான ஒன்றில் என் பங்கு என்பது என் முறை வரும்போது எனக்குத் தேவையான அளவு மட்டுமே. அதற்கு மேல் நான் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நிமிடமும் இன்னொருவரின் பையிலிருந்து எடுத்தது. காசை எடுத்தால் திருட்டு என்கிறோம். நேரத்தை எடுத்தால் உரிமை என்கிறோம். வரி கட்டுவதைச் சொன்னாரே, அந்த மீனவரும் கடையில் பொருள் வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிறார்.

இது பள்ளிக்கூடமா என்றார். ஆம், பள்ளிக்கூடம்தான்! நம் நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் ஓதும் ருக்குன் நெகாரா 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் சொல்கிறது. நன்னெறிக் கல்விப் பாடத்தில் 'ஒத்துழைப்பு', 'மரியாதை' என்று கட்டம் போட்டு எழுதி நிறைய மதிப்பெண் வாங்கிய பிள்ளைதான் பின்னாளில் நான்கு சக்கர இயக்க வண்டி வாங்கிக்கொண்டு படகுத்துறைக்கு வருகிறது. தேர்வு வகுப்பறையில் நடந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையான தேர்வு, பின்னால் ஒருவர் காத்திருக்கும்போது நடக்கிறது.

சொல்லப்படும் சாக்குகள்

"நான் புதியவன், டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டத் தெரியாது" என்பர் சிலர். தெரியாமலிருப்பது குற்றமில்லை. கற்கும் இடம் எது என்பதே கேள்வி. ஞாயிறு மாலையில் வெறுமையாய்க் கிடக்கும் திடலில் இரண்டு கூம்புகளை வைத்துப் பழகலாம். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மெல்ல, சிறிது சிறிதாக. கோணிக்கொண்டால் முன்னே வந்து நேராக்கிவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். ஒரு மாலையில் கைவந்துவிடும்.

"எஞ்சின் உயிர் பெறுமா என்று தண்ணீரில் வைத்துத்தானே பார்க்க முடியும்?" என்பர் வேறு சிலர். முடியாது என்று யார் சொன்னது? குளிர்நீர் உறிஞ்சும் துளைகளின்மேல் பொருத்தும் ரப்பர்ச் செவிகள் படகுக் கடைகளில் கிடைக்கின்றன. வீட்டு நீர்க்குழாயை அதில் மாட்டி, நீர் ஓடும்போது எஞ்சினை இயக்கிப் பார்க்கலாம். நீரின்றி ஓட்டினால்தான் நீரேற்றியின் ரப்பர் இறக்கைகள் கருகிப் போகும். மின்கலத்தையும் எரிபொருளையும் முன்னிரவே பார்த்துவிட்டால் விடியலில் யார் சாபமும் வாங்க வேண்டியதில்லை.

"மீனவர்கள் மட்டும் யோக்கியமா?" என்றும் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்வோம். சாய்தளத்தின் ஓரத்தில் வலையை உலர்த்துபவர்களும், வழிமறித்துச் சம்பானைக் கட்டிவைப்பவர்களும், மீன் குடலை அங்கேயே வீசுபவர்களும் மீனவர்களிலும் உண்டு. அதுவும் தவறுதான். ஆனால், ஒருவன் பிழைப்புக்காகச் செய்யும் தவற்றைக் காட்டி மற்றொருவன் கேளிக்கைக்காகச் செய்யும் தவற்றை ஞாயப்படுத்த முடியாது. வசதி கூடியவனிடம் பொறுமையும் கூடுதலாய் எதிர்பார்ப்பது உலக வழக்கு.

"அறிவிப்புப் பலகை இல்லையே" என்பது கடைசிச் சாக்கு. பலகை இருக்கும் இடத்தில் அதன்மேல் ஈரச்சட்டையை உலர்த்துவதையும் நான் பார்த்திருக்கிறேன்!

தண்ணீர் கேட்கும் மரியாதை

மரியாதை மனிதர்க்கு மட்டும் உரியதன்று. நம்மவர் பலர் இந்த வாரம் ஓர் ஏரி, அடுத்த வாரம் வேறோர் ஏரி என்று படகை இழுத்துக்கொண்டு போகிறார்கள். தெமெங்கோர், கெனியிர் என்று தோமான் மீனைத் தேடிப் போகாத தூண்டில்காரர் யார்? போகட்டும். ஆனால், படகோடு என்ன போகிறது என்று பார்க்கிறார்களா?

பகாங்கின் தாசேக் சினி 2009இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஏரி. அங்கே கபோம்பா என்னும் தென்னமெரிக்க நீர்ச்செடி மண்டிக் கிடக்கிறது. இந்தச் செடிக்கு விதையே வேண்டியதில்லை; ஒடிந்த ஒரு துண்டுத் தண்டு போதும், வேறோர் இடத்தில் வேர்விட்டுக்கொள்ளும். எஞ்சின் விசிறியிலும் டிரெய்லரின் அச்சிலும் சுற்றிக்கொண்டு வரும் பாசிக் கொத்து அப்படிப்பட்ட துண்டாக இருக்கலாம்.

வட அமெரிக்காவின் கதையைக் கேளுங்கள். கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த வரிச்சிப்பி என்னும் சிறு சிப்பி, கப்பல்களின் நிறைநீரோடு வந்து 1988இல் அங்குள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. பின்னர், நீர்வழித் தொடர்பில்லாத ஏரிகளுக்கும் அது பரவியது. டிரெய்லரில் ஏறிப் போன படகுகளே அதற்குப் பெருங்காரணம். நீர்க்குழாய்களையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருகிய பிறகுதான், படகைக் கழுவு, நீரை வடி, உலரவிடு என்ற மூன்று கட்டளைகளை அங்குள்ள சாய்தளம்தோறும் எழுதிவைத்தார்கள். கெட்ட பின்பு ஞானம்! நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. கரையேறியவுடன் படகின் அடிநீரை அங்கேயே வடித்து, செடி செத்தைகளை அகற்றி, வீட்டில் கழுவி உலரவைக்க எத்தனை நிமிடம் ஆகும்?

எரிபொருளும் அப்படியே. தண்ணீரின்மேல் நின்றபடி பெட்ரோலை ஊற்றுவார்கள். வானவில் நிறத்தில் அது மிதந்து போகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தங்கும். அதன் அருகே சிகரெட்டோடு நிற்பவரை என்ன சொல்வது? 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நம் நீர்ப்பரப்பில் எண்ணெயை விடுவதைக் குற்றமாக்கி ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. சட்டம் தாளில் இருக்கிறது; எண்ணெய் தண்ணீரில் இருக்கிறது.

பூட்டும் கட்டணமும் மருந்தாகுமா?

இந்தக் குழப்பங்களைக் கண்டு சலித்தவர்கள் ஒரு தீர்வு சொல்கிறார்கள். "வேலி போட்டு, வாயிற்கதவு வைத்து, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால் ஒழுங்கு தானே வந்துவிடும்." கேட்க இனிப்பாய்த்தான் இருக்கிறது. தேநீர்க்கடைப் பேச்சில் நம் தூண்டில் நண்பர்களே இதை ஆதரிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். கதவு போட்டால் யார் வெளியே நிற்பார்? இரட்டை எஞ்சின் படகுக்காரர் கட்டணத்தை ஐஸ் செலவோடு ஐஸ் செலவாய்க் கட்டிவிட்டுப் போவார். கட்டிய காசுக்கு மேலும் அரைமணி நேரம் கூடுதலாய் நிற்பார்! நாள்தோறும் கடலுக்குப் போகும் சிறு மீனவரும், மாதம் ஒருமுறை பிள்ளைகளோடு சிறு படகில் போகும் தொழிலாளியுந்தாம் வெளியே நிற்பார்கள். முறைகேடு செய்தவன் உள்ளே, முறையோடு நின்றவன் வெளியே என்பது எந்த ஊர் நியாயம்? நாம் பண்போடு நடந்துகொள்ளாவிட்டால் ஒரு நாள் அந்தக் கதவு வந்தே தீரும். பொது இடங்களைப் பெரும்பாலும் பகைவர் வந்து பறிப்பதில்லை. அவற்றைப் பயன்படுத்தத் தெரியாதவர்களே கோட்டை விடுகிறார்கள்.

வட்டார நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியவை வேறு. சாய்தளத்துக்கு மேலே ஆயத்தம் செய்வதற்கென்று கோடு போட்ட இடம், படகு கட்ட ஒரு மிதவை மேடை, பாசியைச் சுரண்ட மாதம் ஒருமுறை ஆள், குப்பைத் தொட்டி, ஒரு விளக்குக் கம்பம், நான்கு மொழிகளிலும் ஒரு பலகை. பெரிய செலவில்லை. பொது இடத்தில் தடை ஏற்படுத்துவதைத் தண்டிக்க 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். இருப்பதை எடுத்துப் பயன்படுத்தினால் போதும்.

நாம் செய்யத் தகுந்தவை

குறை சொல்லிவிட்டு ஓடிவிடுவது ஆசிரியனுக்கு அழகில்லை. ஆகவே ஒழுங்குகளையும் எழுதிவைக்கிறேன். உங்கள் குழுவில் பகிர்ந்துகொள்ளுங்கள்.

1. வரிசையில் நிற்கும்போதே பொருள்களை ஏற்றுங்கள். பட்டைகளை அவிழுங்கள். படகின் அடியில் நீர் வடியும் துளையைத் திருகாணியால் அடைத்தாயிற்றா என்று கையால் தொட்டுப் பாருங்கள். முன்பக்க வின்ச்சுக் கொக்கியும் பாதுகாப்புச் சங்கிலியும் மட்டும் தண்ணீர் வரை இருக்கட்டும்.

2. முன்கயிறும் பின்கயிறும் கட்டிய பின்பே இறங்குங்கள். படகு மிதந்தவுடன் ஒருவர் கயிற்றைப் பிடித்து மேடைக்குக் கொண்டுபோக, மற்றவர் வண்டியை மேலே எடுக்கட்டும்.

3. பின்னோக்கி இறங்கும்போது ஓட்டுநர் தவிர வேறு யாரும் வண்டிக்குள் இருக்க வேண்டாம். கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கைப்பிரேக்கைப் போடாமல் வண்டியைவிட்டு இறங்காதீர்கள். பாசிச் சரிவு யாரையும் மன்னிப்பதில்லை.

4. கரையேறும்போது படகு மேடையை அடைந்த பிறகே டிரெய்லரைக் கொண்டுவாருங்கள். கொக்கியும் சங்கிலியும் மாட்டியவுடன் மேலே போய்விடுங்கள். கட்டுவதும் துடைப்பதும் மீனை எண்ணுவதும் அங்கே.

5. பிழைப்புக்காகப் போகும் மீனவர் பின்னால் நின்றால், "நீங்கள் முதலில் போங்கள்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். நீர் இறங்கும் வேளையில் இதைவிடப் பெரிய கொடை இல்லை.

6. தடுமாறும் புதியவரைக் கைப்பேசியில் படமெடுத்துச் சிரிக்காதீர்கள். இறங்கிப் போய்க் கைகாட்டி உதவுங்கள். அவர் விரைவாய் முடித்தால் உங்களுக்கும் நேரம் மிஞ்சும்!

7. கொண்டுபோன பையில் குப்பையைக் கொண்டுவாருங்கள். பிறர் போட்டதில் ஒன்றையாவது சேர்த்து எடுங்கள். கோத்தோங் ரோயோங் என்பதற்கு மேடையும் மாலையும் வேண்டியதில்லை.

இவையெல்லாம் நடக்காத காரியங்கள் என்று எண்ண வேண்டாம். அதே படகுத்துறையில் நல்லவற்றையும் பார்த்திருக்கிறேன். டிரெய்லர் கோணிக்கொண்டு வியர்த்து நின்ற சீன இளைஞர் ஒருவருக்கு, வலை சரிசெய்துகொண்டிருந்த மீனவர் எழுந்துவந்து கைகாட்டி நேராக்கிக் கொடுத்தார். மறுவாரம் அதே இளைஞர் அந்த மீனவரின் பழுதான எஞ்சினை முட்டி போட்டுத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் பாடம் நடத்தவில்லை, பலகையும் இல்லை. ஒருவருக்கொருவர் உதவி வாழும் அந்தப் பண்பைத் தமிழ் 'ஒப்புரவு' என்கிறது. திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே வைத்திருக்கும் மொழிக்குச் சொந்தக்காரர்கள் நாம். சட்டையின் முதுகில் குழுவின் பெயரைத் தமிழில் அச்சிட்டால் மட்டும் போதாது. அந்தச் சட்டையைப் பார்த்ததும் பின்னால் நிற்பவர் "நல்லவேளை, இவர்கள் முன்னால் இருக்கிறார்கள்" என்று நிம்மதி அடைய வேண்டும். மொழிக்குச் செய்யும் தொண்டில் அதுவும் ஒன்று.

அடுத்த விடுமுறைக்குப் படகை இழுத்துக்கொண்டு புறப்படும் அன்பர்களே, தூண்டிலைச் சரிபார்க்கும் முன் அலைநேர அட்டவணையைப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் வரப்போகும் மனிதருக்கும் அதே அட்டவணைதான் என்பதை மறவாதீர்கள்.

சிந்திப்போம், மூன்று நிமிடத்தில் இறங்குவோம்!